கடற்பஞ்சுச் சாறு

கடற்பஞ்சு பார்வைக்கு நனைந்த ரொட்டித் துண்டு மாதிரி இருக்கும். முக்குளிப்பவர்கள் பாறையிலிருந்து அறுத்து வாளியில் கொண்டுவருவதை அரைத்து, சாறு இறக்கி, புற்றுநோய்ச் செல்கள்மேல் விட்டுப் பார்ப்பதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. நூற்றுக்கணக்கான சாறுகளில் ஒன்று மட்டும் அந்தச் செல்களைக் கொன்றது. பிறகு எலிகளையும் கொன்றது.

முதல் சேதியை மட்டும் அக்காவிடம் சொன்னதுதான் வினையாகிவிட்டது. அத்தானுக்குக் குடலில் புற்று.

"எலிக்கெல்லாம் ஊசி போடுறே, சொந்த அத்தானுக்கு ஒரு சொட்டு கிடையாதாடி?"

"அது விஷம்க்கா. இன்னும் மருந்தாகலை."

"படிப்பு வளர்ந்த அளவுக்கு உனக்கு மனசு வளரலை."

மூன்று மாதம் இதே பாட்டு. கடைசியில், வாயை அடைத்தால் போதும் என்று, சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெறும் உப்புத்தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள். "ஆஸ்பத்திரி ஊசியை மட்டும் விட்டுடாதீங்க" என்றும் சொன்னாள். அப்புறம் வாரம் ஒரு குப்பி.

அத்தானுக்குப் பசி எடுத்தது. முகத்தில் களை திரும்பியது. "மச்சினி கைராசி!" என்று போனில் சிரித்தார். பொய்தானே, தெம்பு தந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஏழாவது குப்பியோடு போன அன்றுதான் தெரிந்தது, அவர் ஆறு வாரமாக ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. வாந்தி வரவழைத்த ஊசி நின்றதால் வந்த பசி அது.

"அத்தான், அது வெறும் உப்புத்தண்ணி. நச்சரிப்பு தாங்காமத்தான் கொடுத்தேன். நாளைக்கே ஊசிக்குப் போங்க."

அவர் சிரித்தார். "தண்ணி குடிச்சா ரெண்டு தட்டு சோறு இறங்குதா?"

அக்கா சிரிக்கவில்லை. "பெரிய இடத்துல யாராச்சும் கேட்டிருப்பாங்க. அதான் நமக்கு இல்லைங்கிறா."

அவள் அக்காவின் காலில் விழுந்து அழுதும் இருவரும் நம்பவில்லை. குப்பி கொண்டுபோவதை அவள் நிறுத்தினாள். வலி பொறுக்காமல் அத்தானை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, ஈரலெங்கும் பரவியிருந்தது. குப்பி நின்ற ஐந்தாவது வாரம் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா ஒன்றையே சொன்னாள். "அந்த மருந்தைக் குடிச்சவரைக்கும் நல்லா இருந்தாரு. கூடப் பொறந்தவளே நிறுத்திக் கொன்னுட்டா."

அவள் வெளியே வந்து செருப்பைத் தேடினாள். முடியெல்லாம் கொட்டிப்போன பக்கத்து வீட்டுக்காரி பின்னாலேயே வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"எனக்கும் ஒரு குப்பி தாம்மா. யார்கிட்டயும் மூச்சுவிட மாட்டேன். ஊசியைக்கூட போன வாரமே நிறுத்திட்டேன்."