பாய்லர் தண்ணீர் போன இடம்

சிரில் ஓல்ட்ராய்டின் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த பாய்லருக்கு அந்த ஜனவரியில் ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. சாயங்காலம் அழுத்தம் காட்டும் முள்ளைப் பச்சைக் கோட்டில் நிறுத்திவிட்டுப் போனால், காலையில் அது பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கும். வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் எல்லாம் செத்த மீன்போலச் சில்லிட்டிருக்கும். சிரில் குனிந்து பாய்லருக்கு அடியிலிருந்த குழாயைத் திறந்து, தண்ணீர் விட்டு, முள்ளை எழுப்பி உட்காரவைப்பார். மறுநாளும் இதே பாடு. தினமும் வாளித் தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

பாய்லர் பழுதுபார்க்கும் கேவின் வந்தபோது அது ஆறிக் கிடந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தான். ரேடியேட்டர்களைத் தடவிப் பார்த்தான். கொல்லைச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த செப்புக் குழாயையும் எட்டிப் பார்த்தான். அழுத்தம் எல்லை மீறினால் பாய்லர் தண்ணீரைத் துப்புவதற்கான குழாய் அது. அதன் வாயில் ஒரு சிலந்தி குடும்பத்தோடு குடியிருந்தது. அப்படியானால் கசிவு தரைக்கு அடியில்தான், வெள்ளிக்கிழமை வந்து சமையலறைத் தரையை உடைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தத் தரை சிரிலின் மனைவி டோரீன் போட்டது. இரண்டு கோடைகாலம் மண்டியிட்டு, உடைந்த பீங்கான் சில்லுகளைப் பதித்து, ஸ்கார்பரோ கடற்கரையையும் அதில் சவாரிக்கு நிற்கும் கழுதையையும் கொண்டுவந்திருந்தாள். கழுதையின் காதுக்குச் சரியான சாம்பல் நிறம் அகப்படாமல் மாமியாரின் சூப் கிண்ணத்தையே உடைத்தவள். கேவின் சாக்குக்கட்டியால் போட்ட பெருக்கல் குறி கழுதையின் வயிற்றில் இருந்தது.

"ஒடைக்கணும்னா ஒடைக்கட்டும்," என்றாள் டோரீன். "நான் எங்கக்கா வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு மட்டும் கேக்காத."

சிரில் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். எங்கே போகிறது என்று தெரியாத எதையும் அவரால் பொறுக்க முடியாது. ஒவ்வொரு ரேடியேட்டருக்கு அடியிலும் காகிதக் கைக்குட்டை விரித்தார், காய்ந்தபடியே இருந்தது. தரை முழுக்க டால்கம் பவுடர் தூவினார். எலி ஒன்றின் காலடித் தடம்தான் கிடைத்தது, அதுவும் வழுக்கி விழுந்த தடம். பிறகு கண்ணாடித் தம்ளரைத் தரையில் கவிழ்த்துக் காதை வைத்துக்கொண்டு படுத்தார்.

"என்ன, கழுதை எதாவது சொல்லுதா?" என்று கேட்டுவிட்டு டோரீன் அவரைத் தாண்டிப் போய்க் கெட்டிலை வைத்தாள்.

கழுதை எதுவும் சொல்லவில்லை. வியாழக்கிழமை சிரில் பாய்லரை முழுச் சூட்டில் ஓடவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த அதிசயத்தைப் பார்த்தார். விழுகிற முள் என்று நினைத்தது ஏறியது. பச்சையைத் தாண்டி, சிவப்பைத் தொட்டு, அங்கே நடுங்கிக்கொண்டு நின்றது. நின்ற அதே நேரம் சுவருக்குள் ஏதோ கேட்டது. பட்... பட்... பட். தம்ளரைச் சுவரில் வைத்தார். சத்தம் பக்கத்து வீட்டில்.

பக்கத்து வீட்டு நார்மன் பிக்கர்ஸும் அவரும் நெடுங்காலமாக வேலிக்கு இருபுறமும் நின்று வானிலையைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள். உன் வீட்டுக்குள் என்ன சத்தம் என்று கேட்பது, உன் உள்ளாடை என்ன நிறம் என்று கேட்பதுபோல. போவதற்கு ஒரு சாக்கு வேண்டும். நல்லவேளையாக நார்மனின் கண்ணாடிப் பாத்திரம் ஒன்று இங்கே இருந்தது. முட்டை வேகவைக்கத் தெரியாத அந்த மனிதர் சில வாரங்களாக ருபார்ப் கிரம்பிள் என்ற இனிப்பைச் செய்து வாசலில் வைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தார். ருபார்பின் சிவந்த புளிப்புத் தண்டு ஜனவரியில் யார் தோட்டத்திலும் தலைகாட்டாது. அதையும் அவர்கள் கேட்கவில்லை, சாப்பிட்டார்கள்.

சிரில் கழுவிய பாத்திரத்தை நீட்டினார். நார்மன் வாங்கிக்கொண்டு, மழை வரும்போல என்றார். சிரில் ஆமோதித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்கள் பக்கம் ஏதாவது வெடிக்கிறதா என்று கேட்டார்.

நார்மனின் முகம் ருபார்ப் நிறத்துக்கு வந்தது. சிரிலின் சமையலறையை ஒட்டியிருந்த பின்பக்கக் கொட்டகைக் கதவைத் திறந்தார். உள்ளே மே மாதம். சிரிலின் சுவரிலிருந்து ஒரு செப்புக் குழாய் எட்டிப் பார்த்து, ஓட்டைத் தகரத் தொட்டியில் வெந்நீரைச் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே இருட்டுக்காகக் கவிழ்த்த குப்பைத் தொட்டிகளுக்குள் ருபார்ப் பட் பட் என்று உறை கிழித்து வளர்ந்துகொண்டிருந்தது. தொட்டிகள் ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றன. முதலில் மேலே செங்கல் வைத்துப் பார்த்தாராம். செங்கல் ஏறிவிட்டது. போன ஞாயிறு தானே ஒரு தொட்டிமேல் உட்கார்ந்து தேநீர் குடித்தாராம். கோப்பை காலியானபோது கால் தரைக்கு எட்டவில்லை, ஏணி எடுக்க யாரையும் கூப்பிடவும் கூச்சமாக இருந்ததாம்.

"எப்பலேர்ந்து இப்படிச் சொட்டுது, நார்மன்?"

"புத்தாண்டு பொறந்ததுலேர்ந்தே. சொல்லலாம்னுதான் பாத்தேன். ஆனா உங்க வீட்டுத் தண்ணி. அதப் பத்தி நான் எப்படிப் பேச்செடுக்கறது?"

"எனக்கு இப்படியொரு குழாய் இருக்கறதே தெரியாதுங்க."

"தெரிஞ்சுதான் அனுப்பறீங்கன்னு நெனச்சேன். அதான் கிரம்பிள்."

கொல்லையில் இருந்தது பழைய பாய்லரின் குழாய். புதியதை மாட்டியவன் சுற்றி வரச் சோம்பல்பட்டு நார்மன் பக்கம் துளைபோட்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை கேவின் துளையிடும் எந்திரத்தோடு வந்தபோது சிரில் அவனை நேராகக் கொட்டகைக்கு நடத்திப் போனார். சொட்டுவதைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. பாய்லருக்குள் காற்றடைத்த ஒரு பை உண்டு. அதில் காற்று போய்விட்டது. சூட்டில் தண்ணீர் பெருத்தால் ஒதுங்க இடமில்லை, வெளியே துப்புகிறது. ஆறினால் உள்ளே குறைகிறது. காற்றடித்து வால்வை மாற்றினால் தீர்ந்தது.

நார்மன் குனிந்து தன் தொட்டி ஒன்றைத் துடைத்தபடி, பிப்ரவரியில் மலர்க் காட்சி வருகிறது, ருபார்புக்கும் பரிசு உண்டு, அதுவரை அவசரம் ஒன்றும் இல்லையே என்று முனகினார். சிரில் அவசரம் இல்லையென்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் டோரீன் நின்றாள், அக்கா வீட்டுக்குக் கட்டிய பெட்டியோடு.

"இன்னிக்கே மாத்து தம்பி," என்றாள். "நார்மன், நீங்க நல்லவரு. ஆனா ஒங்களுக்காக என் கழுதய வயித்துல குறியோட பிப்ரவரி வரைக்கும் விடமாட்டேன்."

கேவின் எந்திரத்தை வண்டியில் வைத்துவிட்டு, சைக்கிள் பம்போடு சமையலறை வாசலுக்கு வந்தான். டோரீன் ஈரத்துணியால் பெருக்கல் குறியை அழித்துக்கொண்டிருந்தவள், நிமிராமலே அவன் பூட்ஸைச் சுட்டினாள். கழற்றினான். கழுதையை மிதிக்காமல் கடற்கரை ஓரமாகச் சுற்றிக்கொண்டு பாய்லரிடம் போனான். காலுறையின் பெருவிரலில் பெரிய ஓட்டை. சிரிலும் டோரீனும், பின்னாலேயே வந்திருந்த நார்மனும் பார்த்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.