ஒரே நாளுக்கு இரண்டு கோடு

பார்சல்காரர் தெர்மாகோல் பெட்டியைக் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் தாளை நீட்டினார். "டாக்டர் இல்லையா?"

"மேல இருக்காரு," என்றாள் மகள்.

அது பொய்யில்லை. அப்பா மாடியில்தான் இருந்தார், கூடத்தின் நடுவில், கழுத்து வரை போர்வையோடு. பார்சல்காரர் அப்போதுதான் பாதி இறங்கிய ஷட்டரையும் சுவரோரம் அடுக்கியிருந்த வாடகை நாற்காலிகளையும் கவனித்தார்.

"அய்யய்யோ... எப்பம்மா?"

"நேத்து சாயங்காலம்."

"அப்ப இதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடவா?"

"வேணாங்க. ரெண்டு நாளா பைக்குள்ளயே கிடக்குதுங்க. இன்னொரு பயணம் தாங்காது."

கையெழுத்துப் போட்டுப் பெட்டியை உள்ளே இழுத்தாள். அப்பாவைக் கொண்டுபோகும் வண்டி பன்னிரண்டு மணிக்கு வரும். இப்போது ஒன்பதரை. அப்பா போன வாரம் ஆர்டர் கொடுத்த மீன்கள், தாங்கள் யாரிடம் வந்திருக்கிறோம் என்று தெரியாமல், நான்கு பிளாஸ்டிக் பைகளில் விழித்துக்கொண்டிருந்தன.

கடையின் பின்மூலையில் புதுத்தொட்டி இருந்தது. எந்த மீன் வந்தாலும் மூன்று வாரம் அதில்தான். வாடிக்கையாளர் காலில் விழுந்தாலும் அதற்கு முன் அப்பா விற்க மாட்டார். "புதுசா வந்தது நோயைக் காட்டாது சார். நல்லா இருக்கற மாதிரியே நடிக்கும். மூணு வாரத்துல சாயம் வெளுத்துடும்" என்பார். அவர் படித்தது பத்தாவதுதான். ஆனால் தெருவே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. மகளுக்கும் அவர் ஒரு பெயர் வைத்திருந்தார்: எக்ஸ்ரே. எட்டு வயதில், செதில் ஓரத்தில் ஊசிமுனை அளவு இருந்த புள்ளியை அவருக்கு முன்பே பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து "எங்க எக்ஸ்ரே பார்த்துட்டா அப்பீலே கிடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

எட்டு மாதமாக அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை.

பைகளை அவிழ்க்காமல் தொட்டியில் மிதக்கவிட்டாள். பைத் தண்ணீரின் சூடும் தொட்டியின் சூடும் ஒன்றாக இருபது நிமிடம் வேண்டும். சித்தப்பா படியிறங்கி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இந்த நேரத்துல மீனு கேக்குதா உனக்கு? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேருக்கும் மூச்சு விடக் காத்து இருக்கு சித்தப்பா. இதுங்களுக்குப் பையில தீர்ந்து போச்சு."

"உங்கப்பன் மாதிரியே பேசு," என்று முணுமுணுத்தபடி ஏறிப் போய்விட்டார்.

இரண்டாவது பையில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து பிளாஸ்டிக்கில் உடம்பைத் தேய்த்தது. விலகியது. மறுபடி தேய்த்தது. அவள் கடை விளக்கை அணைத்தாள். மேசை மீதிருந்த அப்பாவின் டார்ச்சை எடுத்துப் பைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தாள். தங்கப்பொடி தூவின மாதிரி மினுங்கினால் ஒரு நோய், உப்புக்கல் ஒட்டின மாதிரி தெரிந்தால் வேறு நோய். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. துடுப்பில் மூன்று, வால் அடியில் இரண்டு. வெள்ளை. உப்புக்கல்.

வெள்ளைப்புள்ளி என்று மனம் உடனே சொன்னது. அதே வேகத்தில், உனக்கென்ன தெரியும் என்றும் கேட்டது. டார்ச்சை அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள்.

எட்டு மாதம் முன்பும் இதே தொட்டியில் இதே புள்ளிகளைத்தான் பார்த்தாள். முப்பத்திரண்டு மீன்கள். வெள்ளைப்புள்ளி என்று சொல்லி, சூட்டை ஏற்றி, மருந்தை அளந்து ஊற்றி, தொட்டியின் மருந்துச் சீட்டில் கோடு போட்டாள். மறுநாள் காலை முப்பத்திரண்டும் செத்து மிதந்தன. அப்பா சீட்டைக் கூடக் காட்டவில்லை. "நோயே தெரியாம மருந்து ஊத்தியிருக்க. உனக்குக் கண்ணும் இல்ல, கையும் இல்ல. இந்தத் தொழில் உனக்கு வேணாம்" என்றார். வாடிக்கையாளர் இரண்டு பேர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். அடுத்த மாதம் அவள் வெளியூரில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கே எந்தத் தாளையும் மூன்று முறை சரிபார்த்த பிறகுதான் கையை விட்டு விடுவாள். பொறுப்பான பெண் என்று மேலாளர் பாராட்டினார். பொறுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. தன் கண்ணைத் தானே நம்ப முடியாத பயம் அது.

இரண்டு முறை ஊருக்கு வந்தபோதும் அப்பா கொள்முதலுக்குப் போயிருந்தார். போனில் முகம் காட்டச் சொன்னால் கேமரா கெட்டுவிட்டது என்பார். இன்னும் கோபம் ஆறவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். நேற்று மாலை தகவல் வந்தபோது, "திடீர்னு மாரடைப்பு" என்றார் சித்தப்பா. விடிகாலையில் வந்து பார்த்தாள். திடீரென்று செத்தவரின் முகமாக அது இல்லை. கன்னம் உள்ளே போயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா வந்து இடையில் உட்கார்ந்துகொண்டாள்.

தொட்டிக்குப் புதுச் சீட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சீட்டு. நோய் என்ன, மருந்து என்ன, எந்தத் தேதி. யார் மருந்து ஊற்றினாலும் அந்தத் தேதிக்கு நேரே ஒரு கோடு. கோடு இருந்தால் அடுத்தவர் ஊற்றக் கூடாது. கடையில் மீற முடியாத சட்டம் அது ஒன்றுதான்.

வெற்றுச் சீட்டு தேடி மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். சீட்டுக்கட்டுக்கு அடியில் ஒரு கோப்பு இருந்தது. ஆஸ்பத்திரிக் கோப்பு. மேல் தாளில் அப்பாவின் பெயர், வயது, கல்லீரல் என்ற சொல், அதன் கீழ், முற்றிய நிலை என்று முடியும், அவள் இரண்டு முறை படித்த ஒரு வரி. தேதி எட்டு மாதம் முந்தியது. அந்தத் தாளோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது, தண்ணீர் பட்டு ஊதிப்போன ஒரு சீட்டு. நோய்: வெள்ளைப்புள்ளி. அவள் கையெழுத்து. அதே தேதி.

தேதிக்கு நேரே இரண்டு கோடுகள்.

ஒன்று இடது பக்கம் சாய்ந்தது. அவள் இடது கைக்காரி, அவள் கோடு அப்படித்தான் விழும். மற்றது நேர்க்கோடு, நடுவில் ஒரு நடுக்கத்தோடு.

படியில் அம்மாவின் காலடி கேட்டது. "ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. மேல வா." கோப்பைப் பார்த்ததும் அம்மா படியிலேயே நின்றுவிட்டாள்.

"மருந்தை ரெண்டாவது தடவை ஊத்தினது அப்பாவா?"

அம்மா மாடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, உன்னைத்தான் கேக்கறேன்."

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்து நேரா கடைக்குத்தான் வந்தாரு. மனசு மனசாவே இல்ல. நீ ஊத்தினதைப் பார்க்காம ஊத்தி, கோடும் போட்டிருக்காரு. கோடு போட்டப்புறம்தான் உன் கோடு கண்ணுல பட்டுதாம். பாதித் தண்ணியை மாத்தினாரு. நேரமாயிடுச்சு." அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். "காலையில அழுதாருடி."

"அழுதுட்டு, என் தலையில கட்டிட்டாரு."

"நீ இங்க இருந்தா ஒரே வாரத்துல நோயைக் கண்டுபிடிச்சிடுவன்னாரு. வேலை வெட்டியை விட்டுட்டு அவரு காலடியிலயே உக்காந்துடுவன்னாரு. உன் கண்ணுக்குத்தான் பயந்தாரு."

"அதனால எனக்குக் கண்ணே இல்லன்னு சொன்னாரா?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"உனக்குத் தெரியும். சித்தப்பாவுக்குத் தெரியும். வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

அம்மா முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அதிலிருந்தே கணக்கு புரிந்துவிட்டது. எல்லோருக்கும்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம்தான். செத்தவர் மீது ஆத்திரப்படுவது எவ்வளவு கையாலாகாத வேலை என்பதும் தெரிந்தது. எட்டு மாதமாக அந்த முப்பத்திரண்டு மீன்களையும் அவள் சுமந்திருக்கிறாள். கனவில்கூட எண்ணியிருக்கிறாள். அதைவிட, அவர் அருகில் இருந்திருக்க வேண்டிய எட்டு மாதம் போய்விட்டது. கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

"சொல்லியிருக்கலாம்," என்றாள். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

திரும்பித் தொட்டியிடம் போனாள். பையை அவிழ்த்து, பைத் தண்ணீர் உள்ளே சிந்தாமல், சின்ன வலையால் மீன்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். சூட்டை ஒரு டிகிரி மட்டும் ஏற்றினாள், மீதியை நாளைக்கு. காற்றுக்குழாயை முழுதாகத் திறந்தாள். மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி ஊற்றினாள். மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை.

"நான் ஏதாவது ஊத்தணுமா?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

"வேணாம். எதையும் தொடாத."

புதுச் சீட்டில் நோயை எழுதி, தேதிக்கு நேரே இடது பக்கம் சாய்ந்த ஒரு கோடு போட்டாள். அழுத்திப் போட்டதில் சீட்டு கிழியப் பார்த்தது. அம்மா எழுந்து ஏறிப் போனாள்.

பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே வண்டி வந்துவிட்டது. "கடைசியா பார்க்கறவங்க பார்த்துக்கங்க" என்று சித்தப்பாவின் குரல் மாடியிலிருந்து கேட்டது. தொட்டி ஓரத்திலேயே டார்ச்சடித்து மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தவள், அப்படியே படியேறினாள்.

தூக்குவதற்காக யாரோ போர்வையை மார்பு வரை இறக்கியிருந்தார்கள். கூடத்தில் இருந்தவர்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். அப்பாவின் கழுத்தெலும்பு தெரிந்தது. மஞ்சள் பாய்ந்த தோல் தெரிந்தது. காதுக்குக் கீழே, நெஞ்சின் மேல்புறத்தில், சிலந்திக்கால் போல விரிந்த சின்னச் சின்னச் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. இங்கே இருந்திருந்தால், கண்டுபிடிக்க ஒரு வாரம் கூட ஆகியிருக்காது. ஒரே நாளில் பார்த்திருப்பாள்.

அவள் குனிந்தாள். டார்ச் இன்னும் தன் கையிலேயே இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

அம்மாவும் அதைப் பார்த்தாள். பார்த்ததும் எட்டிப் போர்வையைப் பிடித்து, அப்பாவின் தாடை வரைக்கும் இழுத்துவிட்டாள்.