முதுகுக்குப் பின்னால் கொடி

செங்புன் யாரையும் நம்புகிற ஆள் கிடையாது. கூடப் பிறந்த தம்பி கடையில் மீன் வாங்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவார். பஸ்ஸில் ஏறினால் உட்கார மாட்டார். டிரைவர் சரியான வழியில் போகிறானா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே வருவார். ஐஸ் பாக்டரியில் பார் பாராக ஐஸ் இறக்கிய காலத்திலும் எடைத் தராசை ஒரு தடவை எட்டி உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வடதுறைக்காரர்களின் பந்தயப் படகில் மேளம் அடிக்கிற இடம் வாய்த்ததை என்னவென்று சொல்வது. முன்பக்கம் டிராகன் தலை வைத்த அந்த நீளப் படகில் மேளக்காரன் உட்காருகிற விதமே வேறு. தலைப்பக்கம், துடுப்புக்காரர்களைப் பார்த்தபடி உட்கார வேண்டும். படகு போகிற திசைக்கு முதுகு. எதிரே இருக்கிற அத்தனை பேருக்கும் கொடி தெரியும், அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. அந்தக் கொடிதான் பந்தயமே. ஒவ்வொரு படகின் பாதையும் முடிகிற இடத்தில் மிதவையில் ஒரு மூங்கில் குச்சி, அதில் சின்னக் கொடி. டிராகன் கழுத்தில் குப்புறப் படுத்திருக்கிற ஆள் அதைப் பிடுங்க வேண்டும். யார் கையில் முதலில் கொடியோ அவர்கள் ஜெயித்தார்கள். படகு முதலில் வந்து கொடியைத் தவறவிட்டால் வந்ததற்கு ஒரு பொருளும் இல்லை.

போன வருஷம் கடைசி நேரத்தில் செங்புன் கழுத்தைத் திருப்பிக் கொடியைப் பார்த்தார். அவ்வளவுதான். மேளம் தாளம் தப்பியது, துடுப்பு ஒன்றோடு ஒன்று மோதியது, படகு தலையை ஆட்டியது, கொடி பிடிக்கிறவன் விரலுக்கும் குச்சிக்கும் நடுவில் காற்றுதான் இருந்தது. தெற்குத்துறைக்காரர்கள் அன்று சாயங்காலம் முழுக்க வடதுறை மீன் சந்தைக்குள் வந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அதனால் இந்த வருஷம் பந்தயத்துக்கு முன் படகின் டிராகன் தலைக்குக் கண் எழுதிப் பூஜை போட்ட அன்றே, கடல் தெய்வமான மாசு அம்மன் கோயில் வாசலில் வைத்தே சியூகிம் பேச்சை முடித்துவிட்டாள். அவள்தான் பின்பக்கம் நின்று சுக்கான் பிடிக்கிறவள். மீன் ஏலம் விடுகிற தொண்டை. அவள் கத்தாமல் பேசினால்தான் ஜனம் பயப்படும். அன்று அவள் கத்தவில்லை.

"அண்ணே, இன்னொரு தரம் திரும்பினீங்கன்னா மேளக்குச்சிய கீழ வெச்சுரணும். அப்புறம் கரைல நின்னு கை தட்டலாம்."

செங்புன் சரி என்றார். மனைவி போன பிறகு அவருக்கு என்று இருந்தது அந்த மேளம் ஒன்றுதான். வருஷம் முழுக்க யாரும் அவரை எதற்கும் கூப்பிடுவதில்லை. பந்தயம் நடக்கிற ஐந்தாம் மாசம் நெருங்கினால்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும், பயிற்சிக்கு வா என்று.

திரும்பக் கூடாது என்றால் பரவாயில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் டிராகன் கழுத்தில் படுத்திருப்பவன் யார்? யூதே. ஸ்கூட்டர் மெக்கானிக். நீளக் கை, நீளக் கால், எல்லாம் சரி. ஆனால் தெற்குத்துறையில் பிறந்தவன். வடதுறைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவன். அவனுடைய சொந்தச் சித்தப்பா தெற்குத்துறைப் படகில் துடுப்புப் போடுகிறார். இவன் கை தெற்குத்துறைக்கு எதிராக நீளுமா? செங்புன் இதை ஊர் முழுக்கக் கேட்டார். யூதேயின் மாமியாரிடமே கேட்டார். அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பந்தய நாள் காலையில், எல்லோரும் மூங்கில் இலையில் கட்டிய சோற்றைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தபோது, செங்புன் படகில் தனியாக உட்கார்ந்து என்னமோ முடுக்கிக்கொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. மேளம் வைக்கிற சட்டத்தில் ஒரு ஸ்கூட்டர் சைடு கண்ணாடி. யூதேயின் கடையிலிருந்தே எடுத்தது. திரும்பத்தானே கூடாது? திரும்பாமல் பார்க்கலாம் அல்லவா. கண்ணாடிக்குள் ஆறு தெரிந்தது, பாலம் தெரிந்தது, தூரத்தில் கொடி ஒரு சிவப்புப் புள்ளியாக ஆடியது. செங்புன் அந்த வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

அரை இறுதியில் அவர்களுக்கு எதிரே வலைக் கடைக்காரர்கள். துப்பாக்கி வெடித்தது, கிளம்பினார்கள். நன்றாகத்தான் போனது. செங்புனுக்கு நேர் எதிரே, துடுப்புக்காரர்கள் உட்காருகிற முதல் பலகையில் பிசியா இருந்தாள். சிப்பி உடைத்து உடைத்து முறுக்கேறிய கை. அவள் துடுப்பு விழுவதைப் பார்த்துத்தான் பின்னால் இருக்கிற அத்தனை துடுப்பும் விழும். செங்புனும் அவள் கையைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். ஆனால் இன்றைக்கு அவர் கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை. கொடி பெரிதாகிக்கொண்டே வந்தது. படகு நேராகப் போகவில்லை என்று அவருக்குத் தோன்றியது. கொடி அவர் வலது கைப்பக்கம் ஒதுங்கி நின்றது. சியூகிமுக்குக் கண் தெரியவில்லையா?

"வலப்பக்கம் போ" என்று கத்தினார்.

அவருடைய வலது, எதிரே இருக்கிறவர்களுக்கு இடது. ஒரு கிழவன் கொடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறான் என்றால் அவனுடைய வலதும் சேர்ந்து திரும்பிக்கொண்டதுதானே. இத்தனை வருஷம் அவர் திசை சொன்னதே இல்லை, அதனால் இது அவர் புத்தியில் ஏறவே இல்லை. சியூகிம் சுக்கானை அசைக்கவில்லை. ஆனால் துடுப்புக்காரர்களில் பாதிப் பேர் மேளக்காரர் சொல்கிறாரே என்று வலப்பக்கம் தள்ளினார்கள். மீதிப் பாதி சியூகிம் சொல்லாமல் அசைவதில்லை என்று நேராகப் போட்டார்கள். ஒரு படகுக்குள் இரண்டு படகு. டிராகன் தலை கொடியை விட்டு விலகிப் போயிற்று.

பக்கத்துப் படகு முன்னால் வந்துவிட்டது. நல்ல காலம், அவர்கள் ஆள் பிடுங்கிய கொடி கைவழுக்கித் தண்ணீரில் விழுந்தது. யூதே என்ன செய்தான் என்றால், டிராகன் கொம்பில் ஒரு காலைக் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு, உடம்பு முழுவதையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, தலை தண்ணீரில் முங்க முங்க, தங்கள் கொடியைப் பிடுங்கினான். கண்ணாடியில் செங்புன் அதைப் பார்த்தார். அந்தக் கால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்து போனதையும் பார்த்தார்.

கரைக்கு வந்ததும் தார்ப்பாய்க்குக் கீழே எல்லோரும் கூடினார்கள். கண்ணாடியை இப்போது எல்லோரும் பார்த்தாகிவிட்டது. நான் கழுத்தைத் திருப்பவே இல்லையே என்று செங்புன் வாதாடினார். கழுத்து திரும்பினால்தான் குற்றம் என்றால் கண் எங்கே வேண்டுமானாலும் போகலாமா என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் அடுத்த வருஷம் படகுக்கு ஹாரனும் வைத்துவிடலாம் என்றான். சிலர் சிரித்தார்கள், சிலருக்குச் சிரிப்பு வரவில்லை. மேளத்தை வேறு கைக்கு மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது. யாருக்கு என்று கேட்டபோது எல்லோரும் வெற்றிலைப் பாக்கை மென்றார்கள். பிசியாதான் வாய் திறந்தாள். இவர் அடிக்கிற அடி என் தோளுக்குள் கேட்கும், வேறு எவன் அடித்தாலும் காதில்தான் கேட்கும் என்றாள். அதற்கு மேல் அவள் சொன்னது செங்புனுக்கு மட்டும்.

"ஆனா இன்னிக்கு நீங்க என்னப் பாக்கவே இல்ல மாமா. நா தனியாக் கெடந்து துடுப்புப் போட்டேன்."

யூதே காலில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் செங்புனை என்னவோ செய்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். அவர் படகுக்குள் இறங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். கொண்டுவந்து யூதேயின் மடியில் போட்டார்.

"கழண்டு போச்சு. உன் கடச் சாமான் ஒண்ணும் உருப்படியா இல்ல."

"அது நாப்பது கிலோமீட்டருக்கு மேல போனா ஆடும் மாமா" என்றான் யூதே. "நம்ம படகு அதவிட வேகம்."

இறுதிப் போட்டி. எதிரே தெற்குத்துறை. புதுப் படகு, புது வர்ணம், கரையெல்லாம் அவர்கள் ஜனம். வெயில் ஆற்று மேல் தகரம் மாதிரி அடித்துக் கிடந்தது. சியூகிம் பின்னால் நின்று செங்புனைப் பார்த்து மோவாயை ஒரு தடவை உயர்த்தினாள். பாருங்கள், எங்களைப் பாருங்கள் என்று அதற்கு அர்த்தம்.

துப்பாக்கி வெடித்தது.

செங்புன் அடித்தார். கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் யாரும் தெரியவில்லை. அவருக்கு அது விளங்க ஒரு நொடி ஆனது. பின்தங்குகிறவன்தான் அவர் கண்ணுக்குத் தெரிவான், முந்திப் போனவன் முதுகுக்குப் பின்னால் போய்விடுவான். தெற்குத்துறை முந்திவிட்டது. பழைய செங்புனாக இருந்தால் இந்நேரம் மேளத்தைப் பிய்த்து எடுத்திருப்பார், அவசரம் அவசரம் என்று. பிசியா மூச்சை அடக்கித் துடுப்பை நீளமாக இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் அவசரப்படவில்லை. அவர் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். அது இறங்கும்போது குச்சி இறங்கியது. அது எழும்பும்போது குச்சி எழும்பியது. அவ்வளவுதான் வேலை. பிசியாவின் கை என்ன சொல்கிறதோ அதைப் பின்பலகை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற தபால்காரன் வேலை.

டும். டும். டும்.

கண் ஓரத்தில் என்னமோ அசைந்தது. தெற்குத்துறையின் சுக்கான்காரன். பின்வால் தெரிகிறது என்றால் பிடிக்கிறோம் என்று அர்த்தம். செங்புனின் காது சூடாயிற்று. பிறகு கடைசிப் பலகைக்காரன் வந்தான். பிறகு அதற்கு முந்தியவன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பலகை, ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வேர்த்த முகம். யூதேயின் சித்தப்பாவும் பல்லைக் கடித்தபடி வந்தார். வடதுறைப் படகே ஒரே மூச்சாக மூச்சு விட்டது. துடுப்புகள் விழுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்கவில்லை, ஒரு பெரிய கை தண்ணீரை அறைகிற மாதிரி கேட்டது. பிசியா வேகத்தை ஏற்றினாள். யாரும் சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்தது. குச்சியும் கூடவே ஏறியது. இப்போது தெற்குத்துறை மேளக்காரன் பக்கத்தில் வந்துவிட்டான், தலைக்குத் தலை.

அந்தத் தடியன் செங்புனைப் பார்த்து, அவர் தோளுக்கு மேலே எதையோ பார்த்து, பல்லைக் காட்டிச் சிரித்தான்.

எதைப் பார்த்தான்? யூதே எழுந்து நிற்கிறானா? கை நீட்டாமல் கிடக்கிறானா? கால் வலியில் சுருண்டுவிட்டானா? செங்புனின் கழுத்து நரம்பு தானாகவே இழுத்தது. கழுத்து கொஞ்சம் அசைந்தது கூட. அப்போது பிசியா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் இல்லை. பின்பலகை வரைக்கும் அத்தனை கண்ணும் அவர் மேல் இருந்தது. கொடியைக் கூட ஒருவனும் பார்க்கவில்லை. கொடியைப் பார்க்க சியூகிம் இருக்கிறாள், பிடுங்க யூதே இருக்கிறான். அவர்களுக்கு இருந்த ஒரே பயம் இந்தக் கழுத்துதான். 

செங்புன் மோவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அடித்தார்.

முதுகுக்குப் பின்னால் என்னமோ சரசரவென்று உரசியது. பிறகு தொப்பென்று தண்ணீரில் ஒரு பெரிய சத்தம். ஆள் விழுந்துவிட்டான். பிசியாவின் வாய் திறந்தபடி நின்றது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அந்த வாயைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பின்னால் இருந்தவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். செங்புன் அடித்துக்கொண்டே முகம் முகமாகத் தேடினார். எந்த முகத்திலும் பதில் இன்னும் வரவில்லை, பதில் தண்ணீருக்குள் இருந்தது.

அப்போது சியூகிம் சுக்கானை விட்டாள்.

புயல் காற்றிலும் சுக்கானை விடாதவள். அதை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினாள். படகு தன் இஷ்டத்துக்குச் சுற்ற ஆரம்பித்தது. பிசியா துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். பின்பலகையில் ஒருவன் எழுந்து குதித்து ஆற்றுக்குள் போனான், அவனைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர். தண்ணீருக்குள்ளிருந்து கொடி முதலில் வந்தது, பிறகுதான் யூதேயின் தலை வந்தது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். செங்புன் அதைப் பார்க்கவில்லை. அவர் இன்னும் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்.

யாராவது கேட்டால், கண்ணிலிருந்து வழிந்தது ஆற்றுத் தண்ணீர்தான் என்று சொல்லத் தயாராக இருந்தார். யாரும் கேட்கவில்லை.

"ஏம்மா சியூகிம்" என்று மேளத்துக்கு நடுவில் கத்தினார். "இப்பத் திரும்பலாமா?"

சியூகிம் நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசிக்கிற மாதிரி பாவனை செய்தாள்.

"வேணாம் அண்ணே. கரை வர வரைக்கும் அடிங்க. அடுத்த வருஷத்துக்கும் பழக்கம் ஆவட்டும்."

பின்னால் டிராகன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு யாரோ ஈரத்தோடு ஏறினார்கள், படகு ஒரு பக்கம் சாய்ந்தது. ஈரமான ஒரு துணி செங்புன் தோளில் வந்து விழுந்தது. அது எந்த நிறம் என்று குனிந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்காமல், பிசியாவின் கையைப் பார்த்து அடித்தார்.