எனக்கு மட்டும் அழி

1

இந்தக் கதைக்காக எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. கம்போங் ராஜா என்ற மலையூரில் ஆசிரியையாக இருக்கும் என் தோழி சசிரேகா, பேருந்துக்குக் காத்திருந்தபோது யாரைப் பற்றியோ சொன்னாள்: "பாவம், எல்லாத்தையும் அழிக்கிறேன்னு நெனச்சு தன்னோடத மட்டும் அழிச்சிட்டா." யார், எதை, ஏன் என்று கேட்பதற்குள் பேருந்து வந்துவிட்டது. பிறகும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. ஆகவே கீழே வருகிறவர்கள் என் கற்பனை. அவர்கள் செய்யும் தவறுகளும் என்னுடையவை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

தேயிலை மலைகளின் மீது பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், குமுதா —

(வேண்டாம். பனி இறங்குவது சுற்றுலா வருகிறவர்களுக்கு. அங்கேயே இருப்பவளுக்குத் துணி காயாது, அவ்வளவுதான்.)

2

குமுதா, கோலா தெர்லா பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தின் கிராணி, கணக்கு எழுதுகிறவள். நாற்பத்தாறு வயது, தனியாள். ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்றே காலுக்கு, அலுவலக மடிக்கணினியிலிருந்து தன் அண்ணன் லெட்சுமணனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். அனுப்பிய மறுநிமிடமே அதை அழிக்கப் போனாள்.

என்ன செய்தி என்று சொல்ல மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. அதனால் தோட்டத்தில் யார் எந்த மனு போட்டாலும், தொடர்பு எண் கேட்கும் இடத்தில் அலுவலக எண்ணை எழுதிவிடுவார்கள். எல்லாருடைய செய்திகளும் கிராணியின் மடிக்கணினிக்கு வரும். குமுதா ஆளைக் கூப்பிட்டுச் சொல்வாள். வெள்ளிக்கிழமைகளில் பழைய செய்திகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுவாள்.

அண்ணன் மகள் துளசி தாதியர் பயிற்சிக்கு மனு போட்டபோதும் அதே எண்ணைத்தான் கொடுத்தாள். அவளை நேர்காணலுக்கு அழைத்த செய்தி, ஒரு வெள்ளிக்கிழமை மற்றவற்றோடு சேர்ந்து போய்விட்டது. 'நீங்கள் நேர்காணலுக்கு வரவில்லை' என்று கல்லூரியிலிருந்து இரண்டாவது செய்தி வந்தபோதுதான் குமுதாவுக்கு விஷயம் புரிந்தது. அதையும் அழித்தாள். அன்று மாலை துளசி வழக்கம்போல் அலுவலக வாசலில் வந்து நின்றாள். "ஒண்ணும் வரலம்மா" என்றாள் அத்தை.

துளசி இப்போது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் வேலை செய்கிறாள். அவர்கள் கூப்பிடவே இல்லையே, திரும்ப எதற்குப் போட வேண்டும் என்று அதன்பிறகு மனு போடவில்லை. இந்த வருடமும் போடாவிட்டால் வயது தாண்டிவிடும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

3

இங்கே நான் குமுதாவை நம்பவில்லை.

முதல் வரைவில் அவள் அந்த அழைப்பைப் பார்க்கவே இல்லை. எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் சந்தேகத்தைக் கிளப்பியது. இரண்டாவது வரைவில் பார்த்தாள். ஞாயிறுதோறும் அத்தையும் மருமகளும் பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் அவித்த சோளம் தின்றுவிட்டு வருவார்கள். துளசி இல்லாத ஞாயிறுகளை நினைத்து, வேண்டுமென்றே அழித்தாள். இதுவும் பொய். அத்தனை தெளிவோடு யாரும் கெடுதல் செய்வதில்லை.

மூன்றாவது வரைவில், பட்டியல் ஓடும்போது ஒரு பெயர் கண்ணில் பட்டது. அவள் நின்று படிக்கவில்லை. விரல் போய்க்கொண்டே இருந்தது.

(நின்று படிக்காமல் போவதற்கும் ஒரு மனம் வேண்டும். அந்த மனத்துக்கு என்ன பெயர் என்று தெரிந்தால் இந்த அடைப்புக்குறியை எடுத்துவிடுவேன்.)

4

புதன்கிழமைக்கு வருவோம். அவள் அனுப்பியது இதுதான்:

'அண்ணே, மூணு வருசம் முன்னாடி துளசிய இன்டர்வியூக்குக் கூப்பிட்டாங்க. மெசேஜ் எனக்குத்தான் வந்துச்சு. தெரியாம அழிச்சிட்டேன். பயந்துகிட்டு சொல்லல. வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்பப் போடச் சொல்லுங்க.'

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அண்ணனின் கண்ணாடி போன வாரம் உடைந்துவிட்டது. அவருக்கு வருவதையெல்லாம் துளசிதான் கொட்டகையில் வைத்துச் சத்தமாகப் படித்துச் சொல்கிறாள். சுற்றி நிற்கிறவர்களும் கேட்பார்கள், இடையில் புகுந்து கருத்தும் சொல்வார்கள். அங்கே அப்படித்தான்.

ஆனால் செய்தியில் இன்னும் ஒற்றை டிக்தான். லெட்சுமணன், கொழுந்து பறிக்கிறவர்களை மேற்பார்க்கும் கங்காணி. லைன் இல்லாத ஒன்பதாம் நம்பர் மலைச் சரிவில் ஆட்களோடு நிற்கிறார். நாலு மணிக்குக் கொட்டகைக்கு வந்தால்தான் செய்தி போய்ச் சேரும். குமுதா அதைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு வரிகள் வந்தன. எல்லாருக்கும் அழி. எனக்கு மட்டும் அழி.

வெள்ளிக்கிழமைகளில் பழகிய விரல், பழகிய வரியில் அழுத்தியது.

செய்தி மறைந்தது, அவளுக்கு மட்டும். கீழே ஏதோ ஒரு வரி சில வினாடி நின்றது. மீட்டுக்கொள்ளச் சொன்ன வரி அது என்று அவளுக்குப் புரிவதற்குள் அதுவும் போய்விட்டது. இனி அவளால் அந்தச் செய்தியைத் தொட முடியாது. அண்ணனுக்கு அது வந்துகொண்டிருக்கிறது.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் லெட்சுமணனின் கைப்பேசி ஓடையில் விழுகிறது. அது முடிவல்ல, எழுதுகிறவளின் கோழைத்தனம். இன்னொன்றில் குமுதா, முந்தின செய்தியைப் படிக்க வேண்டாம் என்று மறுபடி ஒரு செய்தி அனுப்புகிறாள். (அப்படிச் சொன்ன பிறகு படிக்காமல் விட்ட மனிதர் யாராவது உண்டா?) மூன்றாவதில் அவள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு —

மோட்டாரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினாள். அண்ணன் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி எப்படியாவது அழித்துவிடுவது என்றுதான் கிளம்பினாள். பெரிய ரோட்டில் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். முன்னால் போன லாரியின் முட்டைக்கோசுகளைப் பார்த்தபடி ஊர்ந்துகொண்டிருந்தபோது, இன்று தெரிந்தால் துளசிக்கு இரண்டு நாள் இருக்கிறது என்று தோன்றியது. இதை நான் அவளுக்கு எழுதித் தரவில்லை. என் திட்டத்தில் அவள் கைப்பேசியைப் பிடுங்குவதாகத்தான் இருந்தது.

6

அவள் போய்ச் சேர்ந்தபோது லெட்சுமணனும் வந்துவிட்டார். அவர் சட்டைப்பையில் செய்திகள் வரிசையாக ஒலித்தன.

"கங்காணிக்கு இன்னிக்கு நெறைய லெட்டரு," என்றார் கொழுந்து லாரி ஓட்டும் சிங்காரம். "படிம்மா துளசி, யாரு அந்த மகராசின்னு நாங்களும் தெரிஞ்சிக்கிறோம் லா."

லெட்சுமணன் சிரித்துக்கொண்டே கைப்பேசியை மகளிடம் நீட்டினார்.

"குடும்மா," என்றாள் குமுதா. "அது நான் அனுப்புனது. நானே படிக்கிறேன்."

"அதான் நேர்லயே வந்துட்டீங்களே அத்தை. வாயால சொல்லிருங்க."

"வாயால வராமத்தான் எழுதுனேன். குடு."

குமுதா வாங்கிப் படித்தாள். முதல் வரியிலேயே கொட்டகை அடங்கியது.

"கூப்பிட்டாங்களா?" என்றாள் துளசி. "என்னையா?"

"உன்னத்தாம்மா."

கோபம் வருவதற்கு முன்னால் துளசியின் முகத்தில் வேறொன்று வந்தது. (அதை நான் இரண்டு பக்கத்துக்கு வர்ணித்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.) உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள்.

குமுதா தொடர்ந்தாள். "மெசேஜ் எனக்குத்தான் வந்துச்சு. தெரியாம..."

அதற்கு மேல் படிக்கவில்லை. அடுத்த சொல் திரையில் இருந்தது. அவளே எழுதியது. வாய்விட்டுப் படித்தால் போதும். அவள் கைப்பேசியைத் தாழ்த்திவிட்டுத் துளசியைப் பார்த்தாள்.

சிங்காரம் லாரியின் எஞ்சினை அணைத்தார்.

7

துளசி மனு போடுவாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுந்து நின்ற பெண் திரும்ப உட்கார மாட்டாள். எனக்குத் தெரியாதது குமுதா அடுத்து என்ன சொல்வாள் என்பதுதான். சில வாக்கியங்களைக் கொடுத்துப் பார்த்தேன். 'தெரியாம இல்லம்மா, உன் பேரு —' என்று ஒன்று. 'நீ போயிட்டா நான் —' என்று ஒன்று. எதையும் அவள் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை.

துளசி மட்டும் பேசினாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"நிறுத்தாதீங்க அத்தை. கேட்டுட்டுதான் இருக்கேன்."

நான் இத்துடன் விலகிக்கொள்கிறேன். குமுதா நிற்கும் இடத்தில் நீங்கள் நின்று, அவள் பாதியில் நிறுத்திய அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் வேண்டாம். துளசிக்குக் கேட்கிற மாதிரி.