அடிவயிற்றில் ஓர் ஆள்

படகு நாறுகிறது என்று யாரோ புகார் செய்ய, ஆய்வாளர் வருவதாகக் கடிதம் வந்துவிட்டது. வியாழன், காலை பத்து மணி. சான்றிதழ் கிடைக்காவிட்டால் அக்கரைக்கு ஆள் ஏற்ற முடியாது. இருபது வருடமாக யாரையும், முக்கியமாக என் மனைவியை, தொடவிடாத என் சுக்கான் சக்கரம் கையை விட்டுப் போய்விடும்.

புகார் பொய்யில்லை. கால் வைக்கும் பலகைகளுக்குக் கீழே, படகின் அடிவயிற்றில், எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்குத் தண்ணீரும் களியாகக் கிடந்தன. ஓரமெல்லாம் கறுப்புப் பூஞ்சை. உள்ளே இறங்க ஒரு சதுர வாசல் உண்டு. அதை வெட்டிய தச்சன் ஏதோ பூனையை அளவெடுத்திருக்க வேண்டும்.

"யாராவது ஒல்லியான ஆளைக் கூப்பிடலாமே," என்றாள் மனைவி.

"என் படகு, என் அழுக்கு. சுத்தமாகற வரைக்கும் மேல வரமாட்டேன்!"

வீறாப்புக்கு என்னிடம் என்றும் பஞ்சமில்லை. வியாழன் விடிந்ததும் வெறும் வயிற்றோடு மூச்சை இழுத்துப் பிடித்து நுழைந்தேன். சுரண்டினேன், வினிகர் தெளித்துத் தேய்த்தேன், வாளி வாளியாகக் கசடை நீட்டினேன். அவள் வாங்கிப் பீப்பாயில் கொட்டினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற, எட்டு மணிச் சாப்பாட்டையும் உள்ளேயே முடித்தேன். ஆறு ரொட்டி, நாலு முட்டை. "இன்னும் ரெண்டு சாப்பிடுங்க" என்று சொல்லிச் சொல்லியே ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் உள்ளே தள்ளிவிட்டாள்.

ஒன்பதரைக்கு அடிவயிறு பளபளத்தது. என் வயிறுதான் வாசலில் மாட்டிக்கொண்டது. சோப்புத் தண்ணீர் ஊற்றி இழுத்துப் பார்த்தாள். நான் அசையவில்லை.

பத்து மணிக்கு ஆய்வாளர் ஏறினார். கண்ணால் கண்டதை எழுதுவார், எழுதியதை அடிக்கமாட்டார், அவ்வளவுதான் அவர். பென்சிலால் என் தலையைத் தட்டினார்.

"இது என்ன?"

"என் வீட்டுக்காரர் சார்."

"கழட்டலாமா?"

அவள் இன்னொரு முறை இழுத்தாள். "இப்போதைக்கு முடியாது சார்."

"அப்ப நிலையான பொருள். எடை?"

"தொண்ணூத்தெட்டு."

"தொண்ணூத்தஞ்சு!" என்று கத்தினேன். மானம் முக்கியம் இல்லையா?

தொண்ணூற்றைந்து என்றே எழுதினார். "அடிவயிறு ரொம்ப சுத்தம். சான்றிதழ் தர்றேன். ஆனா எழுதினதுல ஒரு பொருள் குறைஞ்சு படகு கிளம்பினாலும் செல்லாது. ஓட்டறது யாரு?"

"நான்தான் சார்!"

"நிலையான பொருள் ஓட்டக்கூடாது."

மனைவி கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். படகு ஓட்டும் உரிமம். வாங்கி மூன்று வருடமாம்.

"ஏன்டி சொல்லலை?"

"சக்கரத்துகிட்டயே விடமாட்டீங்க, எங்க சொல்றது?"

அன்றைய முதல் நடையில், என்னைக் கீழே அமுக்கி மூடியைச் சாத்திவிட்டு அவள் ஓட்டினாள். நான் ஓட்டினால் கரையில் இடிக்காமல் படகு நின்றதே இல்லை. அன்று கரை வந்ததே எனக்குத் தெரியவில்லை. மேலே ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பெருமையாகவும் இருந்தது.

சாயங்காலத்துக்குள் பட்டினியில் இளைத்து, சுலபமாக வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை படகுத்துறைக்குப் போனபோது அவள் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசல் மூடி திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம். சான்றிதழில் எழுதிய பொருள் குறையக் கூடாதே. சீப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.