பளபளவென்று எட்டு போல்ட்

போல்ட் கடை வைத்திருப்பதால் கடைத்தெருவே போல்ட்டக்கா என்று கூப்பிடும் அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் டிபன் பாக்ஸ் மூடி 'டப்'பென்று விழும். அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டிலேயே விழுந்தது. எதிரே உட்கார்ந்து பெருமையடித்துக்கொண்டிருந்த தம்பிக்கு அது காதில் ஏறவில்லை.

"நேத்து அட்டைப்பெட்டி கம்பெனி மெயின்டனன்ஸ் சார் வந்திருந்தாருக்கா. கிரேன் போல்ட்லேர்ந்து துரு சொட்டி பெட்டியெல்லாம் கறையாகுதாம். இன்னைக்கு ஆய்வுக்கு வேற ஆள் வராங்களாம். பளபளன்னு ஏதாவது குடுப்பான்னாரு. எட்டு போல்ட்டையும் எஸ்.எஸ்.ஸா குடுத்துட்டேன். விலையும் ஜாஸ்தி, பலமும் ஜாஸ்தி."

"பலம் ஜாஸ்தின்னு எவன்டா சொன்னான்?"

"எஸ்.எஸ். ஆச்சேக்கா!"

விலை கூடினால் எல்லாமே கூடும் என்று வாங்க வருகிறவன் நம்பலாம். விற்கிறவனும் நம்பினால் கடையை இழுத்து மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். துருப்பிடிக்காது என்பதோடு அந்த எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டின் சாமர்த்தியம் முடிந்தது. கிரேனை உத்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தவை, தலையில் 10.9 என்று பலத்தின் எண் பொறித்த, பெரும் இழுவையைத் தாங்கும் கறுப்பு ஹை டென்சில் போல்ட்டுகள். அந்தச் சுமையை இதன் தலையில் ஏற்றினால் ஜவ்வாக இழுபடும். துருப்பிடித்தால் பெயின்ட் அடிக்கச் சொல், போல்ட்டை மாற்றாதே என்று இவனிடம் எத்தனை தடவை தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியிருக்கிறாள்!

போன் போட்டாள். காலையிலிருந்து கிரேன் ஓடிக்கொண்டிருக்கிறதாம். "ஆய்வு முடியட்டும்மா, சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று மெயின்டனன்ஸ் சார் வைத்துவிட்டார். கறுப்பு போல்ட்டுகளைப் பையில் அள்ளிக்கொண்டு, தம்பியை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஷெட்டுக்குள் ஆள் உயரக் காகித ரோல் ஒன்று கிரேனில் தொங்கியபடி நகர்ந்துகொண்டிருந்தது. அது போகும் வழியிலேயே வரிசையாக ஸ்டூல் போட்டு, பெண்கள் குனிந்த தலை நிமிராமல் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஆய்வுக்கு வந்த, ஹெல்மெட் போட்ட விருந்தாளிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மெயின்டனன்ஸ் சார் ஓடிவந்து அவளை ஓரங்கட்டினார். "எனக்குத் தெரியாதாம்மா? மாட்டும்போதே மனசு ஒப்பல. ஆனா இப்ப நிறுத்தினா என் மானம் போயிடும். உங்க கடைப் பேரும் நாறிடும். வருஷ ஆர்டரை நினைச்சுப் பாருங்க."

"சார் சொல்றதும் சரிதானேக்கா" என்றான் தம்பி.

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. தெரியாமல் கொடுத்த மடையனையாவது நாலு அறை அறைந்து திருத்தலாம். தெரிந்தே அடியில் ஆளை உட்காரவைத்தவனை என்ன செய்வது? தொண்டை கிழியக் கத்தினாள்.

"கிரேனை நிறுத்துங்க! போல்ட் கடைக்காரி சொல்றேன். தப்பான போல்ட்டைக் குடுத்தது எங்க கடைதான். எல்லாரும் எந்திரிச்சு வெளிய போங்க!"

டீ குடித்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். ரோலை மெதுவாகத் தரையில் இறக்கினார்கள். ஃபிட்டரோடு தம்பியையும் ஏணியில் ஏற்றினாள். எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டைப் போட்டால் சில நேரம் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு விடாது. இவையும் விடவில்லை. ஸ்பேனருக்கு அசையாததால், கிரைண்டரால் ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, கறுப்பு போல்ட்டுகளை மாட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

அறுபட்ட துண்டுகள் தரையில் கிடந்தன. எதிலும் இழுபட்ட அடையாளம்கூட இல்லை.

"ஒண்ணும் ஆகலையேம்மா! இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? இனி உங்க கடை வாசலை மிதிக்க மாட்டோம்" என்றார் மெயின்டனன்ஸ் சார்.

"ஆகட்டும்னு காத்துக்கிட்டிருந்தீங்களா?" என்று சீறினாள்.

அதற்குள் வெளியே நின்றிருந்த பெண்கள் திரும்பி வந்தார்கள். கிரேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவள் நேராக இவளிடம் வந்து இடுப்பில் கை வைத்தாள். "ஏம்மா, எங்களுக்குப் பெட்டிக் கணக்குலதான் கூலி. உன் கடை பண்ண தப்புக்கு எங்களுக்குப் பாதி நாள் போச்சு. நீ குடுப்பியா?"

யாருக்கும் வாயில் பதிலை வைத்திருப்பவள் போல்ட்டக்கா. ஆனால் இவள் கேட்பது நியாயம். நியாயமான கோபத்தின் முன்னால் நிற்பது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

ஏணியிலிருந்து இறங்கிய தம்பி அவள் காதருகே வந்து, "அநியாயமா ஆர்டர் போச்சேக்கா" என்று முணுமுணுத்தான். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவந்து அந்தப் பெண் முன்னால் நிறுத்தினாள்.

"மன்னிப்புக் கேளுடா."

"கூலி போனதுக்கா?"

"காலையிலேர்ந்து நீ குடுத்த போல்ட்டுக்கு அடியில உட்கார்ந்திருந்தாங்களே, அதுக்கு."

தம்பி மேலே பார்த்தான். ஸ்டூலைப் பார்த்தான். 

அந்தப் பெண்ணும் மேலே பார்த்தாள். தரையில் இறக்கிவைத்த ரோலைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த கை தானாகக் கீழே இறங்கியது. கூலியை மறந்து மெயின்டனன்ஸ் சார் பக்கம் திரும்பி, "இது உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டாள்.