பண்ணை விலைக்கு ஒரு ஆப்

1

இது கதையாகப் பிறந்த கதை அல்ல. எங்கள் பக்கத்து வியாபாரிகள் சங்கம் ஒன்று ஆண்டு மலர் போடுகிறது. பாதிப் பக்கம் தீவனக் கம்பெனி விளம்பரம், மீதியில் பாதி தலைவர் மாலையோடு நிற்கிற படம். நடுவில் இரண்டு பக்கம் காலியாகிவிட்டதாம். மலரைத் தொகுக்கிற யோகேஷ் கூப்பிட்டார்.

"அண்ணா, கிரிப்டோ வாங்கி விக்கற ஆப்பை ஆண்ட்ராய்டு போன்ல பத்திரமா எறக்கறது எப்படின்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நம்ம ஆளுக நெறயப் பேரு ஏமாந்துபோட்டாங்க. கடைசியில பேராசை பெருநஷ்டம்னு ஒரு வரி போட்டு முடிச்சிருங்க."

அந்தக் கடைசி வரியில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏமாந்தவனுக்குப் பேராசை. சரி, ஏமாற்றினவனுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அதற்கு யோகேஷ், "ரெண்டு பக்கத்துக்கு மேல போகாம பாத்துக்குங்கண்ணா" என்றார்.

குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுகிற இடத்தில் மலர்விழி என்று ஒருத்தி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

2

முதல் தொடக்கம்:

"மலர்விழி ஓர் அப்பாவிப் பெண். செல்போனைப் பற்றி அவளுக்கு ஒன்றும்—"

அடித்துவிட்டேன். அப்பாவியாக இருந்துகொண்டு புதுச்சத்திரத்தில் முட்டை வியாபாரம் செய்ய முடியாது. மாலைக்குள் வெறும் முட்டை ஓட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாம் தொடக்கம்:

"சீக்கிரம் பணக்காரியாகிவிட வேண்டும் என்ற வெறி மலர்விழியை—"

இது யோகேஷுக்காக எழுதியது. நானே உண்டாக்கிய பெண்தான். அதற்காக அவள் மேல் பொய் சொல்லலாமா? இதையும் அடித்தேன்.

மூன்றாவது நிற்கிறது:

மலர்விழிக்கு நாற்பத்தைந்து வயது. புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையோரம் முட்டை மொத்த வியாபாரம். கணவர் ஜெகதீஸ்வரன் சரக்கோடு லாரியில் கேரளத்துக்குப் போய்விட்டால், விலை பேசுவது, ஏற்றுவது, பட்டுவாடா எல்லாம் அவள்தான். வெளியூர்க் கடைகளிலிருந்து வருகிற முட்டைப் பணம் அவள் கணக்கில் ஓரிரவு தங்கி, மறுநாள் காலையில் சின்னச் சின்னப் பண்ணைக்காரர்களுக்குப் பிரிந்து போகும். அத்தனையும் அவள் கைப்பேசி வழியாக. அதில் கிடப்பது அவள் பணம் மட்டுமல்ல. கோழிக்குத் தீவனம் கடன் வாங்கிப் போட்டவர்களின் பணம்.

வியாபாரத்தில் அவளுக்கு ஒரே வேதம்: கடையில் வாங்காதே, பண்ணையில் வாங்கு. நடுவில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனை கையும் கொஞ்சம் கிள்ளிக்கொள்ளும்.

(இந்த வேதத்தைப் பழிக்க மாட்டேன். சேலத்தில் நானும் இதைக் கேட்டு வளர்ந்தவன்தான். எங்கள் தெருவில் கேட்ட விலையைக் கொடுத்தவனைப் பார்த்து, உடம்புக்குச் சரியில்லையா என்று விசாரிப்பார்கள்.)

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தம்பி கதிர் வந்தான். திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரிக் கம்பெனியில் மேனேஜர். இலை போட்டு உட்கார வைத்தாள். அவனுக்கு ஒரு கை சோற்றில், ஒரு கை போனில்.

"அக்கா, வாட்சப்புல ஒண்ணு அனுப்பிச்சிருக்கறன் பாருங்க. கிரிப்டோ ஆப்பு. நம்ம பொறந்த ஊட்டு குரூப்புலயும் போட்டுட்டேன். நான் போட்ட பணம் எவ்வளவோ ஏறியிருக்குது."

"கிரிப்டோன்னா அந்தக் கண்ணுக்குத் தெரியாத காசா?"

"ஆமாங்க்கா. தெனமும் வெல ஏறும், எறங்கும். நம்ம முட்ட மாதிரித்தான். ஆனா அழுகிப் போகாது."

"அழுகாத முட்டையா. அத எந்தக் கோழி போடுதுன்னு பார்க்கோணுமே."

சிரித்தாலும் அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. புரட்டாசி வந்தால் பாதி நாடு முட்டையை மறந்துவிடும். விலை படுத்துக்கொள்ளும். கோழி மட்டும் மாதம் பார்க்காமல் தின்னும். அந்த மாதத்தைத் தாண்ட வேறொரு சரக்கு கையில் இருந்தால் ஆகாதா? இதைப் பேராசை என்று எழுதுகிறவன் ஒரு புரட்டாசி கோழி வளர்த்துப் பார்க்கட்டும்.

கையோடு பிளே ஸ்டோரில் தேடிப் பார்த்தாள். அங்கேயும் அதே பெயர், அதே படத்தோடு ஓர் ஆப் இருந்தது.

"என்றா இது, இங்கயே இருக்குது. நீ எதுக்குத் தனியா அனுப்பற?"

"அது கடைச் சரக்குங்க்கா. ஸ்டோர்க்காரன் கமிஷன் வெச்சிருப்பான். இது கம்பெனிலயே நேரா எறக்கறது. கட்டணமே கெடையாது. பண்ணை வெலன்னு வெச்சுக்குங்க."

பண்ணை விலை. அந்த ஒரு சொல்லில் அவள் விழுந்தாள். கதிர் அறியாமல் சொன்னான். அவனுக்கு இதைக் கொடுத்த ஆள் அறிந்தே சொல்லியிருப்பான். என் ஆத்திரம் அங்கேதான். அந்தத் திருடன் நம் ஊர் வியாபாரத்தை உட்கார்ந்து படித்திருக்கிறான். முதலில் சாம்பிள் காட்ட வேண்டும். கதிர் போட்ட முதல் சிறு தொகை லாபத்தோடு திரும்பி வந்தது. சரக்கு தெரிந்த கை வழியாக வர வேண்டும். தம்பி கை வழியாக வந்தது. விலை பண்ணை விலையாக இருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் எங்கள் பக்கத்தில் எவனும் வாங்குவான்.

கதிர் அனுப்பியதை நிறுவ அமுக்கினாள். 'இந்தக் கோப்பு ஆபத்தானதாக இருக்கலாம்' என்று போன் எச்சரித்தது.

"பார்றா, வேண்டாங்குது."

"பின்ன, எதிர்க்கடைக்காரன் நம்ம சரக்கை நல்லதுன்னா சொல்லுவான்?"

அதுவும் நியாயமாகவே பட்டது. எச்சரிக்கையைத் தாண்டி அமுக்கினாள். ஆப் உள்ளே இறங்கிவிட்டது.

[யோகேஷ் கேட்ட குறிப்பு, இந்த இடத்தில் செருகப்படுகிறது: பரிமாற்ற நிறுவனத்தின் இணையதள முகவரியை நீங்களே அடித்து உள்ளே போங்கள். அங்கே இருக்கும் இணைப்பு வழியாகப் பிளே ஸ்டோருக்குப் போங்கள். ஸ்டோருக்குள்ளும் போலி புகுவதுண்டு. ஆப்பின் பெயரும் படமும் போதாது, கீழே தயாரிப்பாளர் பெயரைப் பாருங்கள். நிறுவனம் அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ததா என்று பாருங்கள். வெளியிலிருந்து ஆப் நிறுவும் அனுமதியை அணைத்தே வையுங்கள். வாட்சப்பில் வரும் கோப்பை, யார் அனுப்பினாலும், நிறுவாதீர்கள்.]

யார் அனுப்பினாலும். எழுதிவிட்டேன், சுளுவாக. அனுப்பினவன் எதிரே உட்கார்ந்து உன் கைச் சோறு தின்றுகொண்டிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த விழிப்புணர்வுச் சுவரொட்டியிலாவது போட்டிருக்கிறதா?

4

ஆப் திறந்ததும் கேட்கத் தொடங்கியது. குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி. பிறகு, திரையில் தெரிவதையெல்லாம் பார்க்கவும் அவளுக்குப் பதிலாக அதுவே அமுக்கவும் அனுமதி.

மலர்விழியின் கட்டைவிரல் நின்றது.

"என்ற மெசேஜ் இதுக்கு எதுக்கு?"

"எல்லா ஆப்பும் கேக்கறதுதாங்க்கா. குடுத்துருங்க."

"பேங்க்குக்காரன் ரகசிய நம்பர் அனுப்பறது அதுலதான வருது? கோழி வாங்க வாரவன் கோழியப் பார்க்கோணும். பீரோச் சாவிய எதுக்குக் கேக்கறான்?"

கதிர் ரசத்தை உறிஞ்சினான்.

"உன்ற லாபம் எவ்வளவோ ஏறியிருக்குதுன்னியே. எடு பார்க்கலாம். இப்ப, என்ற கண்ணு முன்னால."

"எடுக்கலாங்க்கா. எடுக்கறதுக்கு முன்னால வரி கட்டச் சொல்றாங்க. கட்டினா மொத்தமா வந்துரும்."

"அந்த வரிய லாபத்துலயே புடிச்சுக்கிட்டு மீதியக் குடுக்கச் சொல்லு."

"அப்படி முடியாதுங்கறாங்க."

"ஏஞ்சாமி, முட்டையும் குடுத்து, அத எடுத்துட்டுப் போறவனுக்குக் காசும் நாமளே குடுக்கற யாவாரம் எந்த ஊர்ல இருக்குது?"

கதிர் கையை இலையிலேயே வைத்திருந்தான். அவனுக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்கிறது. பணம் போட்டவனுக்குச் சந்தேகம் வந்தால் அதை வெளியே விடமாட்டான். உள்ளேயே வைத்து அடைகாப்பான்.

மலர்விழி உடனே போனின் இணையத்தை அணைத்தாள். கேட்ட அனுமதி எதையும் கொடுக்கவில்லை என்று சரிபார்த்து, ஆப்பை நீக்கினாள். கடைப் போனிலிருந்து வங்கிக்குப் பேசி, கணக்கை அன்றைக்குப் பூட்டி வைக்கச் சொன்னாள். பண்ணைக்காரர்களின் பணம் பத்திரமாக இருந்தது. கதிரின் பணத்துக்கு 1930 என்கிற சைபர் குற்றப் புகார் எண்ணை அவளே அழுத்தி அவன் கையில் கொடுத்தாள். புகார் பதிவானது.

யோகேஷின் இரண்டு பக்கம் இதோடு தீர்ந்துவிட்டது. என் கதை இனிமேல்தான் இருக்கிறது.

5

"குரூப்புல போட்ரு. யாரும் அந்த ஆப்ப ஏத்தாதீங்க, ஏத்துனவங்க எடுத்துருங்கன்னு."

"அக்கா, சித்த பொறுங்க. நானே ஒவ்வொருத்தருக்காப் போன் பண்ணிச் சொல்லிர்றேன்."

"அதுக்குள்ள எவனாச்சும் அமுத்திட்டா?"

"அத்தன பங்காளிகளும் இருக்கற எடமுங்க. மேனேஜர் ஏமாந்துட்டான்னு கோயில் நோம்பி வரைக்கும் பேசுவாங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க வாரது?"

"அப்ப நான் போடறேன்."

"நீங்க போட்டா இன்னும் கேவலமுங்க."

அது உண்மை. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் தன் உடன்பிறந்தவனைத் தனியறையில் செருப்பால் அடிக்கலாம். சபையில் ஒரு சொல் குறைத்துப் பேசக்கூடாது. விசேஷத்துக்கு விசேஷம் சீர் சுமந்து வந்து நிற்பவன் அவன். அவன் தலை இறங்கினால் அவள் பிறந்த வீடே இறங்கும். வாட்சப் குழு சபையா என்று கேட்காதீர்கள். இப்போது அதைவிடப் பெரிய சபை எது?

அவள் செய்தியை அடித்து முடித்தாள். அனுப்பவில்லை. கதிர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிவுகள் என்னிடம் சில இருக்கின்றன.

அ. அவள் அனுப்புகிறாள், கதிர் பாதி இலையில் எழுந்து போகிறான். யோகேஷுக்கு இது பிடித்திருக்கிறது. உங்கள் தம்பி இப்படி எழுந்து போனதுண்டா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

ஆ. கதிரே மனம் மாறி, 'நான் ஏமாந்துவிட்டேன், நீங்கள் ஏமாறாதீர்கள்' என்று போடுகிறான். எழுதிப் பார்த்தேன். அழகாக வந்தது. அப்படி ஓர் ஆணை நான் எந்தக் குழுவிலும் பார்த்ததில்லை என்பதால் கிழித்துவிட்டேன்.

இ. இருவரும் கை கழுவிவிட்டு வெயிலைப் பற்றிப் பேச—

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே மலர்விழியின் போன் சத்தம் போட்டது. குழுவில் ஒரு குரல் பதிவு. எருமப்பட்டி கந்தம்மாள் அத்தை. மகன் வடநாட்டில் ரிக் வண்டியோடு அலைந்து அனுப்புகிற சம்பளம் அந்த அம்மாள் கணக்கில்தான் விழுகிறது.

"கதிரு சாமி, நீ அனுப்புனத ஒருவழியா ஏத்திப்போட்டேன் சாமி. இப்ப ரெண்டு பொத்தான் காட்டுது. அனுமதி குடுக்கறதா வேண்டாமான்னு கேக்குது. அமுத்தட்டுமா?"

குழுவில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அத்தையின் பதிவுக்குக் கீழே இரண்டு டிக்குகளும் நீலமாகின்றன. ஒருவரும் எழுதவில்லை. கதிர் அக்காவைப் பார்க்கிறான். அக்கா போனைப் பார்க்கிறாள்.

முடிவு ஒன்று போட்டுக் கொடுங்கள் என்று யோகேஷ் கெஞ்சுகிறார். மாட்டேன். இந்தக் குழுவில் நீங்களும் இருக்கிறீர்கள். இல்லையென்றால் இதைப் போல ஒன்றில் இருக்கிறீர்கள். அங்கேயும் இப்படி ஒரு கோப்பு வந்து கிடக்கிறது. அனுப்பினவர் மனம் கோணும் என்று நீங்களும் பேசாமல் கடந்து போனீர்கள். பேராசை என்று அதற்கும் பெயர் வைப்பீர்களா?

அத்தை பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். பதில் நீங்கள் போடுங்கள்.